‘வெட் லேண்ட்’ வேற... ‘வெட்லேண்ட்’ வேற! பள்ளிக்கரணையில் வீடு, மனை வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஆங்கில வார்த்தைகள்

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் ஒரு அபார்ட்மென்ட் பார்க்கப் போகிறீர்கள். விளம்பரத்தில் ‘லேக் வியூ’ என்று போட்டிருக்கிறது. பத்திரத்தின் ஆங்கில நகலில் ‘வெட் லேண்ட்’ என்று இருக்கிறது. கூகுள் மேப்பைத் திறந்தால் ‘மார்ஷ்’ என்கிறது. செய்தியில் ‘வெட்லேண்ட்’ என்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் கேட்டால், “அதெல்லாம் அப்போ வேஸ்ட் லேண்ட் சார், யாரும் கண்டுக்க மாட்டாங்க” என்று பதில் வருகிறது.

இதில் எது உண்மை? எல்லாமே ஒரே இடத்தைத்தான் சொல்கிறதா? ஒரு வார்த்தைக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நிறைய இருக்கிறது. பள்ளிக்கரணையைப் பொறுத்தவரை அந்த இடைவெளியில் உங்கள் வீட்டுக் கடனே மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்க்கலாம், வாங்க.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022 ஏப்ரல் 8 அன்று ‘ராம்சர்’ தளமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,247.54 ஹெக்டேர், அதாவது சுமார் 3,080 ஏக்கர். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஒரு உத்தரவு போட்டது. சதுப்பு நிலத்துக்குள்ளும், அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவிலும், ‘ஸோன் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ்’ எது என்று அறிவியல்பூர்வமாக வரையறுக்கும் வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்பதுதான் அந்த உத்தரவு.

வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், பெரும்பாக்கம், மேடவாக்கம் என்று சுற்றியுள்ள பல இடங்களில் மனை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் இந்த வார்த்தைகள் எல்லாம் சொந்தப் பிரச்சினை ஆனது. அதுவரை ‘மார்ஷ்’ என்றால் ஃப்ளமிங்கோ பறவை போட்டோ எடுக்கும் இடம், அவ்வளவுதான்.

‘வெட் லேண்ட்’ என்றால் நன்செய்... ‘வெட்லேண்ட்’ என்றால்?

முதல் குழப்பம் இங்கேதான். நம் வருவாய்த் துறை ஆவணங்களில் நிலம் இரண்டு பெரிய வகை: நன்செய், புன்செய். பேச்சில் நஞ்சை, புஞ்சை. பாசன வசதி உள்ள, நெல் விளையும் நிலம் நன்செய். மழையை நம்பிய நிலம் புன்செய். ஆங்கிலேயர் காலத்தில் இதை ‘வெட்’, ‘ட்ரை’ என்று எழுதினார்கள். இன்றைக்கும் ஆங்கிலத்தில் தயாராகும் பத்திரங்களில் ‘வெட் லேண்ட்’ என்று தனித்தனி வார்த்தையாக வருவது இந்த நன்செய்தான்.

அதாவது, அது வரி கட்டிய விவசாய நிலம். யாருக்கோ பட்டா இருக்கும். சட்டப்படி வகைமாற்றம் செய்து மனையாக்கவும் வழி உண்டு.

இரண்டையும் ஒட்டி ‘வெட்லேண்ட்’ என்று எழுதினால் கதையே மாறிவிடும். அது சூழலியல் சொல். தமிழில் ‘ஈரநிலம்’ என்கிறோம். வருடத்தில் சில மாதங்களாவது தண்ணீர் நிற்கிற, அந்தத் தண்ணீரை நம்பி செடி, மீன், பறவை வாழ்கிற நிலம். இதற்குத் தனி விதிகள் இருக்கின்றன: ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், 2017.

தமிழில் இந்தச் சிக்கலே கிடையாது. நன்செய் என்றால் நன்செய், சதுப்பு என்றால் சதுப்பு. இரண்டும் காதில் ஒன்றுபோல் ஒலிக்காது. ஆங்கிலத்துக்குப் போனதும் இரண்டும் ஒரே சத்தம் ஆகிவிடுகிறது. அதனால் புரோக்கர், “டாக்குமென்ட்லயே வெட் லேண்ட்னுதான் சார் இருக்கு, ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, பிரச்சினை இல்ல” என்று சொன்னால், அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. நன்செய் என்று பதிவான ஒரு சர்வே எண், ஈரநிலத்தின் எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ இருக்கலாம்.

ஊர்ப் பெயரே இதற்குச் சாட்சி. மேடவாக்கத்துக்குத் தெற்கே ‘அரசன்கழனி’ என்று ஒரு ஊர் இருக்கிறது. கழனி என்றால் வயல். வயலும் சதுப்பும் ஏரியும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்த பகுதி இது.

‘ராம்சர்’ என்பது எதன் சுருக்கம்?

எதன் சுருக்கமும் இல்லை! ஆங்கிலத்தில் பலர் இதைப் பெரிய எழுத்துகளில் எழுதுவதால் ஏதோ நீளமான பெயரின் முதலெழுத்துகள் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு ஊர்ப் பெயர். ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால்தான் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். இந்தியா 1982-ல் சேர்ந்தது.

இந்த ஒப்பந்தத்தில் ‘வெட்லேண்ட்’ என்ற சொல் மிகப் பெரிய குடை. இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நல்ல தண்ணீரோ உப்புத் தண்ணீரோ, தேங்கியதோ ஓடுவதோ எல்லாம் அடங்கும். கடல் நீர்கூட, நீர் இறங்கும் நேரத்தில் 6 மீட்டர் ஆழம் வரைக்கும் ஈரநிலம்தான்.

ஆனால் நம் நாட்டின் 2017 விதிகளில் குடை கொஞ்சம் சுருங்குகிறது. ஆற்றின் வழித்தடம், நெல் வயல், குடிநீருக்காகவோ பாசனத்துக்காகவோ மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலைகள் போன்றவை விலக்கப்பட்டிருக்கின்றன. அதே சொல், சர்வதேச மேடையில் ஒரு அளவு, இந்திய விதியில் ஒரு அளவு. ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலங்களுக்கு இந்த விதிகள் பொருந்தும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கரணை அந்த வகை.

மார்ஷ், ஸ்வாம்ப், பாக், ஃபென்... நாலும் ‘சதுப்பு’தானா?

நம் பாடப் புத்தகத்தில் நாலுக்கும் ஒரே சொல்தான்: சதுப்பு நிலம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. குளிர்நாடுகளில் ஈரநிலம் பல வகை என்பதால் சொற்களும் பல.

மார்ஷ்: மரங்கள் இல்லாமல் கோரை, நாணல், புல் நிறைந்த ஈரநிலம். பள்ளிக்கரணை இந்த வகை. ரேடியல் சாலையில் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தாலே தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோரையும் தண்ணீரும்தான்.

ஸ்வாம்ப்: மரங்கள் வளர்ந்த ஈரநிலம். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளை ‘மாங்குரோவ் ஸ்வாம்ப்’ என்பார்கள்.

பாக்: மழைநீரை மட்டுமே நம்பிய, பாசியும் மட்கிய தாவரமும் படிந்து கருப்பாகக் கிடக்கும் நிலம். நீலகிரி மலை உச்சிப் புல்வெளிகளுக்கு நடுவில் இப்படி மட்கிய கரி படிந்த ஈரநிலங்கள் உண்டு.

ஃபென்: அதே மாதிரி மட்கிய நிலம்தான். ஆனால் நிலத்தடி நீரும் வந்து சேரும்.

இது வெறும் அகராதி விஷயம் இல்லை. ஒரே பள்ளிக்கரணைக்கு ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு சொல் வைத்திருக்கிறது. வனத்துறைக்கு அது ‘மார்ஷ்’. ராம்சர் பட்டியலுக்கு அது ‘வெட்லேண்ட்’. 2008-ல் நடைமுறைக்கு வந்த சிஎம்டிஏவின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் ஆங்கில விதிகளில் அது ‘பள்ளிக்கரணை ஸ்வாம்ப் ஏரியா’. மூன்று சொல் என்றால் மூன்று வரைபடம், மூன்று எல்லைக் கோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுக்கு வெளியே இருக்கும் மனை, இன்னொரு கோட்டுக்கு உள்ளே இருக்க வாய்ப்பு உண்டு.

கொஞ்சம் ரிலாக்ஸ்: மார்ஷ்மெல்லோவுக்கும் மார்ஷுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு! ‘மார்ஷ் மெல்லோ’ என்பது சதுப்பில் வளரும் ஒரு செடியின் பெயர். அதன் வேரிலிருந்து வரும் கொழகொழப்பான சாற்றைத்தான் முதலில் அந்த மிட்டாய்க்குப் பயன்படுத்தினார்கள். இன்றைக்குக் கடையில் கிடைப்பதில் அந்தச் செடி பெரும்பாலும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்போ சட்டமன்றத்தில் உறுப்பினர்களை வெளியேற்றும் ‘மார்ஷல்’? அதற்கும் சதுப்புக்கும் துளியும் சம்பந்தம் இல்லை. அது குதிரைகளைப் பராமரிப்பவர் என்ற பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. குதிரைக்காரராகத் தொடங்கி தளபதியாகப் பதவி உயர்வு பெற்ற சொல்!

‘மார்ஷ் கேஸ்’ என்று கெமிஸ்ட்ரியில் படித்திருப்பீர்கள். மீத்தேன்தான் அது. தண்ணீருக்கு அடியில் காற்று இல்லாமல் தாவரங்கள் மட்கும்போது கிளம்பும் வாயு. குப்பை மேட்டிலும் இதே வாயு உருவாகும். பள்ளிக்கரணையில் சதுப்பும் உண்டு, அதன் மேலேயே குப்பை மேடும் உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஆபீஸ் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஸ்வாம்ப்டு’ என்றால் வேலையில் மூழ்கிவிட்டேன் என்று அர்த்தம். ‘பாக்டு டவுன்’ என்றால் சேற்றில் மாட்டிய வண்டி மாதிரி நகர முடியாமல் நிற்கிறேன் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் சதுப்பு என்றாலே சிக்கல், சேறு, தப்பிக்க வேண்டிய இடம். அந்த மனநிலையோடுதான் இந்தச் சொற்கள் நம் ஊர் வரைபடத்துக்கும் வந்து சேர்ந்தன.

நம்ம சொல் என்ன? ‘கழுவெளி’

ஆங்கிலம் வருவதற்கு முன்பே இந்த நிலத்துக்குத் தமிழில் பெயர் இருந்தது. கழுவெளி. மழைக்காலத்தில் வெள்ளம் பரவி, கோடையில் வற்றி, மீண்டும் பரவும் தாழ்வான வெளி. மரக்காணம் பக்கத்தில் இருக்கும் கழுவெளிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2021-ல் அது பறவைகள் சரணாலயமாகவும் ஆனது. பள்ளிக்கரணையில் மட்டும் அந்தச் சொல் பேச்சிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

கழுவெளிக்குக் கரை கிடையாது, மதகு கிடையாது. மழைக்கு ஏற்ப விரியும், வெயிலுக்கு ஏற்பச் சுருங்கும். அதனால் ‘எல்லை எங்கே?’ என்று கேட்டால் அது பருவத்துக்குப் பருவம் மாறும். கோடையில் வந்து பார்த்தவருக்குக் காய்ந்த மைதானம். ஐப்பசியில் வந்து பார்த்தவருக்குக் கடல். மனை பார்க்கப் பலரும் வருவது எந்த மாதத்தில் என்று யோசித்துப் பாருங்கள்.

டேங்க், லேக், ஏரி: எது எது?

‘டேங்க்’ என்றதும் நமக்கு மொட்டை மாடித் தொட்டிதான் ஞாபகம் வரும். ஆனால் இந்திய அரசு ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்றால் ஏரி. மனிதர்கள் கரை கட்டி, மதகு வைத்து, உபரி நீர் வெளியேறக் கலங்கல் அமைத்த நீர்நிலை. 2007-ம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘டேங்க்ஸ்’ என்றுதான் இருக்கிறது. பொதுப்பணித் துறை கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளைக் காப்பதற்கான சட்டம் அது. கரையே இல்லாத கழுவெளி ‘டேங்க்’ என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்காது.

போர் டாங்கிக்கும் இதே சொல்தான். முதல் உலகப் போரில் அந்த வண்டியை ரகசியமாக வைத்திருக்க, ‘தண்ணீர்த் தொட்டி செய்கிறோம்’ என்று பிரிட்டிஷ்காரர்கள் கதை விட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

‘லேக்’ என்பது ஆங்கிலத்தில் பொதுவாக இயற்கையான ஏரி. நம் ஊரில் வேளச்சேரி ஏரி, நாராயணபுரம் ஏரி, பெரும்பாக்கம் ஏரி எல்லாமே மேப்பில் ‘லேக்’தான். ‘தாங்கல்’ என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் பெயர்களில் இருப்பது அதுதான்.

சென்னையில் நீர்நிலை காணாமல் போனாலும் ஆங்கிலப் பெயர் மட்டும் போகாது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது, அதாவது ஏரிக்கரைச் சாலை. அங்கிருந்த ‘லாங் டேங்க்’ என்ற நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்றும் ஒரு இடம் உண்டு. “அது ஏரியா?” என்று கேட்டால், “இல்லை, வெறும் ஏரியாதான்!”

‘வேஸ்ட்’ என்ற ஒரு வார்த்தை செய்த வேலை

இந்தக் கட்டுரையில் அதிகம் யோசிக்க வேண்டிய சொல் இதுதான்.

‘வேஸ்ட்’ என்றால் இன்றைக்கு நமக்குக் குப்பை, அல்லது உபயோகமில்லாதது. “அவன் வேஸ்ட்டுப்பா” என்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் இதன் பழைய அர்த்தம் ‘வெறுமை’. லத்தீனில் வெறுமையான, பாழான இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வருவாய்த் துறையில் ‘வேஸ்ட்’ என்றால் தரிசு, அதாவது பயிர் செய்யப்படாத நிலம். இதிலும் இரண்டு வகை: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. தீர்வை என்றால் நிலவரி. ஆக, கணக்கெடுத்தவரின் கண்ணில் நிலத்தின் மதிப்பு என்பது அது கட்டும் வரி. கோரை முளைத்த சதுப்பு வரி கட்டாது. பறவை வரி கட்டாது. வெள்ளத்தைத் தாங்கும் வேலைக்கும் வரிக் கணக்கில் இடமில்லை. அதனால் அது ‘வேஸ்ட்’.

வெள்ளைக்காரர்கள் போன பிறகும் இந்தச் சொல் போகவில்லை. மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பில், தரிசின் ஒரு வகையாகவே ‘நீர் தேங்கிய, சதுப்பான நிலம்’ சேர்க்கப்பட்டிருந்தது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டுதான் அது தயாரானது. அதே இஸ்ரோவின் அகமதாபாத் மையம் 2011-ல் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பையும் வெளியிட்டது. ஒரு புத்தகத்தில் சதுப்பு ‘வேஸ்ட்லேண்ட்’, இன்னொரு புத்தகத்தில் ‘வெட்லேண்ட்’. இரண்டு சொல்லுக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

‘வேஸ்ட்லேண்ட்’ என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும்? பள்ளிக்கரணையில் நடந்தது கண்முன்னே இருக்கிறது. பெருங்குடி பக்கம் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு வந்தது. சதுப்பின் மீதே சாலைகள் வந்தன, ஆராய்ச்சி நிறுவனங்களின் வளாகங்கள் வந்தன, ஐடி நிறுவனங்கள் வந்தன, ரயில் பாதை வந்தது. ஒரு காலத்தில் சுமார் 5,500 ஹெக்டேர் பரவியிருந்ததாகக் கணக்கிடப்படும் சதுப்பில் இப்போது மிஞ்சியிருப்பது சிறு பங்குதான்.

அதாவது, முதலில் ‘வேஸ்ட் லேண்ட்’ என்று எழுதினார்கள். பிறகு வேஸ்ட்டைக் கொண்டுவந்து கொட்டி அதை உண்மையாக்கினார்கள். ராம்சர் அறிவிப்பு தேதியிட்ட அதே 2022 ஏப்ரல் மாதக் கடைசியில், பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மரமே இல்லை... அப்புறம் எப்படி ‘ஃபாரஸ்ட்’?

2007-ல் பள்ளிக்கரணையின் 317 ஹெக்டேர் ‘ரிசர்வ் ஃபாரஸ்ட்’, அதாவது காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. “காடுன்னா மரம் இருக்கணுமே, இங்க ஒண்ணும் காணோமே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான்.

ஆங்கிலத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்பது முதலில் மரத்தைக் குறித்த சொல்லே இல்லை. ‘வெளியே’ என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அரசர் வேட்டைக்காக ஒதுக்கிவைத்த, பொதுச் சட்டத்துக்கு வெளியே இருந்த நிலம்தான் ஃபாரஸ்ட். அதில் புல்வெளியும் உண்டு, புதரும் உண்டு. நம் வனச் சட்டத்திலும் ‘காப்புக்காடு’ என்பது சட்டத் தகுதி. அறிவிக்கப்பட்டுவிட்டால் மரம் இருக்கிறதா என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஒரு சொல்லுக்கே விளக்கம் சொன்னது. ‘காடு’ என்பதை அகராதிப் பொருளில் புரிந்துகொள்ள வேண்டும், அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான இடமும் யாருக்குச் சொந்தமானாலும் அதில் அடங்கும் என்றது. ஒரு வார்த்தையின் அர்த்தத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ராம்சர் பட்டியலில் இந்த இடத்தின் பெயர் ‘பள்ளிக்கரணை மார்ஷ் ரிசர்வ் ஃபாரஸ்ட்’. ஆனால் பட்டியலில் உள்ள பரப்பு 1,247.54 ஹெக்டேர். வனத்துறையின் கையில் இருப்பதோ சுமார் 700 ஹெக்டேர்தான். பெயரை மட்டும் பார்த்தால் ‘காப்புக்காட்டுக்கு வெளியே இருந்தால் போதும்’ என்று தோன்றும். பரப்பைப் பார்த்தால் அப்படி இல்லை. தகராறு முளைப்பது இந்த இடைவெளியில்தான்.

கேட்ச்மென்ட், வாட்டர் ஸ்ப்ரெட், வாட்டர்ஷெட்

எங்கள் டெஸ்க்கிலேயே அடிக்கடி சண்டை வரும் இடம் இது. ஏரியில் தண்ணீர் நிற்கும் பரப்பையும் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்று எழுதுகிறோம். மழைநீர் ஓடிவந்து ஏரியில் சேரும் சுற்றுவட்டாரத்தையும் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘வாட்டர் ஸ்ப்ரெட்’, இரண்டாவது ‘கேட்ச்மென்ட்’. முதலாவதை ‘நீர்ப்பரப்பு’ என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை.

நீர்ப்பரப்பில் வீடு கட்டினால் அது ஆக்கிரமிப்பு. நீர்ப்பிடிப்புப் பகுதியில்தான் தென்சென்னையே இருக்கிறது. பள்ளிக்கரணைக்கு மட்டும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது. தாம்பரம், மடிப்பாக்கம் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் இந்தச் சதுப்புக்கு வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம், பிறகு கடல். இத்தனை தண்ணீருக்கும் வெளியேறும் வழி குறுகியது. நடுவில் நின்று தாங்கும் பாத்திரம்தான் பள்ளிக்கரணை. பாத்திரம் சிறுத்தால் தண்ணீர் எங்கே போகும்? 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பதில் கிடைத்தது. வீட்டுக்குள் வந்தது.

‘வாட்டர்ஷெட்’டுக்கு இரண்டு முகம். நிலவியலில் ஒரே வடிகாலுக்குத் தண்ணீர் தரும் நிலப்பகுதி. பேச்சு ஆங்கிலத்தில் ‘வாட்டர்ஷெட் மொமென்ட்’ என்றால் திருப்புமுனை. ‘பேக்வாட்டர்’ என்றால் உப்பங்கழி. அதையே ஒரு ஊரைப் பார்த்துச் சொன்னால் பின்தங்கிய ஊர் என்று அர்த்தம்.

‘வாட்டர்லாகிங்’கா, ‘ஃப்ளட்’டா?

மழைக்காலத்தில் அதிகாரிகள் விரும்பும் சொல் ‘வாட்டர்லாகிங்’. தண்ணீர் தேங்குதல். மக்கள் சொல்லும் சொல் வெள்ளம். முதலாவது வடிகால் அடைத்துக்கொண்டது போன்ற சின்ன விஷயமாக ஒலிக்கும். இரண்டாவது பேரிடர்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் வார்த்தையைப் பாருங்கள். வீட்டுக் காப்பீட்டில் ‘ஃப்ளட்’, ‘இனன்டேஷன்’ இரண்டும் இருக்கிறதா என்று படியுங்கள். இரண்டாவது, தண்ணீர் சூழ்ந்து மூழ்குவது. கார் காப்பீட்டில் வெள்ளச் சேதம் இருந்தாலும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் அதற்குப் பெரும்பாலும் தனி ‘இன்ஜின் ப்ரொடெக்ட்’ தேவைப்படும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏன் கார்கள் வரிசை கட்டுகின்றன என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்றால் சிபாரிசு இல்லையா?

கடைசியாக, எல்லோரும் காத்திருக்கும் சொல். ‘ஸோன் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ்’.

நம் பேச்சில் ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்றால் செல்வாக்கு, ஆள் பலம். “அவருக்கு மேலிடத்துல நல்ல இன்ஃப்ளூயன்ஸ்” என்போம். அந்த ஞாபகத்தில் ‘செல்வாக்கு மண்டலம்’ என்று மொழிபெயர்த்தால் அபத்தமாகிவிடும். 2017 விதிகளில் இதன் பொருள்: ஈரநிலத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்தப் பகுதியில் நடக்கும் வளர்ச்சிப் பணிகள் ஈரநிலத்தைக் கெடுக்குமோ, அந்தப் பகுதி. ‘தாக்கப் பகுதி’ என்று சொல்லலாம்.

இது எல்லாத் திசையிலும் ஒரே தூரமாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் இருக்கலாம். 1 கிலோமீட்டர் என்பது இந்தக் கோடு வரையப்படும் வரைக்குமான ஏற்பாடு. விதிகளில் உள்ள 50 மீட்டர் என்பதும் வேறு. கடந்த 10 ஆண்டுகளில் பதிவான சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத் துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்பது அது. “50 மீட்டர் தள்ளித்தான் சார் இருக்கு” என்று யாராவது சொன்னால், எந்தக் கோட்டிலிருந்து 50 என்று கேளுங்கள்.

‘வைஸ் யூஸ்’ என்றும் ஒரு சொல் வரும். அறிவார்ந்த பயன்பாடு. ஈரநிலத்தின் இயல்பு கெடாத அளவுக்கு அதைப் பயன்படுத்துவது. ஈரநிலம் என்றாலே மனிதர் காலே படக்கூடாது என்பதில்லை. மீன் பிடிப்பது, மாடு மேய்ப்பது எல்லாம் காலகாலமாக இங்கே நடந்ததுதான். பாத்திரத்தை உடைக்காமல் அதில் சாப்பிடலாம் என்பதுதான் கணக்கு.

சரி, நான் என்ன செய்யணும்?

வீடோ மனையோ வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

• பட்டாவில் நன்செய் அல்லது புன்செய் என்று இருப்பது நிலத்தின் பழைய வரி வகை மட்டும்தான். அது ஈரநில எல்லைக்கு வெளியே இருப்பதற்கான சான்று அல்ல.

• வில்லங்கச் சான்றிதழ் பத்திரப் பதிவுகளைத்தான் காட்டும். சதுப்பு எல்லையை அதில் தேடாதீர்கள்.

• சர்வே எண்ணை வைத்து சிஎம்டிஏ நிலப்பயன்பாட்டு வரைபடம், ‘ஸ்வாம்ப் ஏரியா’ பட்டியல், காப்புக்காடு அறிவிக்கை, ராம்சர் எல்லை என நான்கையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ஒன்றில் இல்லை என்பதால் மற்றதிலும் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.

• 1 கிலோமீட்டர் கட்டுப்பாடு நீதிமன்ற உத்தரவுகளைப் பொறுத்தது, மாறக்கூடியது. முன்பணம் கொடுக்கும் நாளில் என்ன நிலை என்று சிஎம்டிஏவிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

• ‘லேக் வியூ’, ‘வாட்டர்ஃப்ரண்ட்’ என்று விளம்பரத்தில் வந்தால், அந்த ‘லேக்’ எது, கரை உள்ள ஏரியா, கரையில்லாத கழுவெளியா என்று கேளுங்கள்.

• முடிந்தால் ஒருமுறை கார்த்திகை மாதத்தில், நல்ல மழை பெய்த மறுநாள் போய் இடத்தைப் பாருங்கள். எந்த ஆங்கில வார்த்தையும் சொல்லாததைத் தண்ணீர் சொல்லிவிடும்.